சீரங்கப்பட்டணத்தை விட்டுச் செல்லலாமா?

ஆண்டுதோறும் நம் மன்றத்தார் மைசூருக்குச் சுற்றுலா செல்கிறோம். விடியற்காலையில் பேருந்து ஏறி, மத்தூரில் வடை தின்று, சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புகிறோம். முன்பெல்லாம் இடையில் சீரங்கப்பட்டணத்திற்கென்று அரைமணி நேரம் ஒதுக்குவதுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகு அந்த அரைமணியும் போயிற்று. சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. காவிரிப் பாலத்தைக் கடக்கிறோம் என்பதுகூடப் பாட்டும் கூத்துமாகச் செல்லும் நம் பேருந்தில் பலருக்குத் தெரிவதில்லை.

இவ்வாண்டு மைசூரை விட்டுவிடுவோம். சீரங்கப்பட்டணத்திலேயே ஒரு பகலும் ஓர் இரவும் தங்குவோம் என்பது என் கருத்து. செயற்குழு இதை ஏற்கலாம், மறுக்கலாம். "அங்கே என்ன இருக்கிறது, நான்கு இடிந்த சுவர்கள்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர் கிடக்கும் நிலத்தைப் பார்ப்போம். குடகிலிருந்து இறங்கி வரும் காவிரி, மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டரில், கருங்கற் பாறைகளில் முட்டி இரண்டு கிளையாகப் பிரிகிறது. மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உள்ள ஒரு தீவை அணைத்துக்கொண்டு சென்று, கீழைக் கோடியில் மீண்டும் ஒன்றாகிறது. அந்தத் தீவுதான் சீரங்கப்பட்டணம். மேற்கு முனையில் கோட்டை; கிழக்கு முனையில் ஆறு கூடும் சங்கமம்; நடுவே கஞ்சாம் என்னும் பகுதியும் வயலும் தோப்பும். தீவுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பும் நெல்லும். ஓரிடத்தில் ஆறு வளைந்து மேற்கு நோக்கி ஓடுகிறது. பச்சிமவாகினி என்று பெயர் பெற்ற அத்துறையில் நீத்தாருக்குக் கடன் செய்வது வழக்கம். 1948 பிப்ரவரியில் காந்தியடிகளின் அஸ்தியின் ஒரு பகுதியும் அங்கே கரைக்கப்பட்டது.

காவிரியின் தீவுகளில் பள்ளிகொண்ட அரங்கர் மூவர். சீரங்கப்பட்டணத்தில் இருப்பவர் ஆதிரங்கர். சிவசமுத்திரத்தில் இருப்பவர் மத்தியரங்கர். நம் திருவரங்கத்தில் இருப்பவர் அந்தியரங்கர். ஆற்றின் போக்கிலே எண்ணினால் நம்மவர் கடைசி! திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்து இங்கே படிக்கும் நண்பர்களுக்கு இது சற்று மனக்குறையாக இருக்கலாம். ஆயினும் கன்னடப் பாட்டிகளும் தமிழ்ப் பாட்டிகளும் ஒரே ஆற்றை ஒரே கதையின் மூன்று அத்தியாயங்களாக எண்ணி வந்தார்கள் என்பதை இது காட்டுகிறது. மாநில எல்லை அவர்கள் கணக்கில் இல்லை.

கோயிலின் பழமை கங்கர் காலம் வரை செல்கிறது. போசளரும் விசயநகரத்தாரும் அதைப் பெருக்கினார்கள். விசயநகரம் தளர்ந்தபோது, 1610இல், ராஜ உடையார் இவ்வூரைக் கைப்பற்றித் தம் தலைநகராக்கினார். இன்று மைசூரின் பெருமையாகப் பேசப்படும் தசராவை அவர் அவ்வாண்டிலேயே இங்கே தொடங்கினார் என்பர். நாம் மைசூரில் பார்க்கும் யானை ஊர்வலத்திற்குத் தாய்வீடு இந்தச் சிற்றூரே. 1761இல் ஐதர் அலி ஆட்சியைக் கைக்கொண்டார். 1782இல் அவர் இறந்தபின் மகன் திப்பு பட்டம் ஏறினார். அவர்கள் காலத்தில் இங்கே ஒன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்று 1800இல் வந்து பார்த்த புக்கனன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் மதிப்பிட்டார். அவர் வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ 25,000. இருநூறு ஆண்டுகளில் நம் நாட்டு ஊர்களெல்லாம் பெருகின. இது மட்டும் சுருங்கியது.

சுருங்கியதற்குக் காரணம் 1799 மே 4. அந்த நாளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அந்த நாளில் ஆற்றுக்கு இருந்த பங்கைச் சிலரே பேசுவார்கள். இந்தத் தீவின் முதல் அரண் கோட்டைச் சுவரன்று, ஆறே. தென்மேற்குப் பருவமழை குடகில் இறங்கிவிட்டால் இரு கிளைகளும் கரைபுரண்டு ஓடும். பீரங்கியும் குதிரையும் கடக்க முடியாது. 1791 மே மாதத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்த கையோடு இவ்வூரை நெருங்கினார். அரக்கெரே என்னுமிடத்தில் திப்புவின் படையைப் பின்வாங்கவும் செய்தார். ஆனால் மழை முந்திக்கொண்டது. வண்டி மாடுகள் மாண்டன, உணவு தீர்ந்தது. தாம் இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு சீரங்கப்பட்டணத்தைக் காத்தவள் காவிரி.

மறு ஆண்டு தொடக்கத்திலேயே, மழைக்கு வெகு முன்னால், அவர் மீண்டும் வந்தார். 1799இல் வந்த தளபதி ஹாரிசும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஏப்ரலில் முற்றுகையிட்டு, மே முதல் வாரத்தில் மேற்குச் சுவரைப் பிளந்து, நான்காம் நாள் நண்பகலுக்குப் பின் பாறைகள் தெரியும்படி வற்றிக் கிடந்த ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள். இன்னும் சில வாரங்கள் சென்றிருந்தால் வரலாறு எப்படி இருந்திருக்குமோ! மே மாதத்தில் ஒருமுறை அந்த மேற்குச் சுவரின்மேல் நின்று கீழே பாருங்கள். எந்தப் பாட நூலிலும் இல்லாத தெளிவோடு அது விளங்கும். படை நடத்தியவர் பெயர் பெயர்டு. அவரே இதே ஊரில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர்டு எப்படிச் சிறைக்கு வந்தார்? இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். பல்லவ மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறதே, அதே புள்ளலூர்தான். பிடிபட்ட ஆங்கிலேயர் காவிரித் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெய்லி அங்கேயே மாண்டார். அவர் பெயரால் வழங்கும் நிலவறையை இன்றும் காணலாம். 1784இல் கட்டிய தரியா தௌலத் என்னும் மரமாளிகையின் மேற்குச் சுவர் முழுவதும் அந்தப் போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் சதுரமாக அணிவகுத்து நிற்க, வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதற, நடுவே பல்லக்கில் பெய்லி இருக்கிறார். காஞ்சிபுரத்து மண்ணில் நடந்த ஒரு போரைப் படமாகக் காண நாம் கன்னட நாட்டுக்கு வரவேண்டியிருக்கிறது. வந்தவர்களும் அதை "ஏதோ சண்டைப் படம்" என்று கடந்து போகிறோம்.

அந்த ஆண்டுகளை நம் ஊர்களில் "ஐதர் கலாபம்" என்பார்கள். தஞ்சை, ஆர்க்காடு வட்டாரங்களில் பயிர் எரிந்ததையும் மக்கள் ஓடியதையும் அச்சொல் குறிக்கும். அதே ஐதர், 1755இல் திண்டுக்கல்லில் பௌஜுதாராக இருந்தவர். கணவரை இழந்து விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்திருந்த வேலு நாச்சியாருக்குப் படை உதவி தந்தவர். 1780இல் அவர் சிவகங்கையை மீட்டதற்கு அந்த உதவியும் ஒரு காரணம். தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று போரிட்டார். ஆக, சீரங்கப்பட்டணம் என்ற பெயர் தமிழ்நாட்டில் ஓரிடத்தில் அச்சமாகவும் வேறோரிடத்தில் நம்பிக்கையாகவும் ஒரே காலத்தில் ஒலித்தது.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1792 மார்ச்சில் இவ்வூரில் கையெழுத்தான உடன்படிக்கையினால் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம்; அது தீரும்வரை இரண்டு மக்களைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். இழந்த பாதியில் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் அடங்கும். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் நண்பர்களே, உங்கள் ஊர்கள் கும்பினியின் கைக்குப் போனது இந்தக் காவிரிக் கரையில்தான். எஞ்சிய கோயம்புத்தூரும் ஓசூரும் 1799இல் போயின. பாராமகாலில் நிலத்தை அளந்து வரி வகுக்க அலெக்சாந்தர் ரீடு வந்தார். அவருக்குத் துணையாக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. இரயத்துவாரி முறைக்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது. நம் பாட்டனார் வைத்திருந்த பட்டாவுக்கும் இந்தத் தீவுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

திப்பு வீழ்ந்தபின் அவருடைய மக்களை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டையில் ஏற்றிய கொடி திப்புவின் கொடி. திப்புவின் லால் மகால் அரண்மனையைப் பிரித்தெடுத்த மரங்களின் ஒரு பகுதி உதகமண்டலம் தூய ஸ்டீபன் கோயிலின் உத்தரமாயிற்று. சென்ற ஆண்டுகளில் உதகைக்குச் சென்ற நம் மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்குள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்?

இனி, பெங்களூரில் படிக்கும் தமிழர்க்கு எல்லாவற்றிலும் நெருக்கமான செய்திக்கு வருகிறேன்.

வெற்றி பெற்ற ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலேயே நிறுத்தி வைத்தனர். பின்னாளில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி அப்போது அவ்வூரின் காவல் தலைவர். ஆனால் போரில் தோற்காத படை காய்ச்சலில் தோற்றது. நாற்புறமும் கால்வாய், நெல்வயல், வெள்ளம் வடிந்தபின் பாறைக் குழிகளில் தேங்கும் நீர், தூர்ந்துபோன அகழி. கொசு வளர இதைவிட நல்ல இடம் ஏது? கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறது என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையை ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் கண்டுபிடிக்க 1897 வரை ஆயிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக மாண்டபோது, உயரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் அலசூருக்கு அருகில் இருந்த மேட்டு நிலம். 1809இல் அங்கே கண்டோன்மெண்ட் நிறுவப்பட்டது. பெங்களூர்த் தமிழர் இன்றும் வாய்க்கு எளிதாகத் "தண்டு" என்று சொல்கிறார்களே, அது இந்தப் படைவீடுதான்.

படை வந்தால் படையோடு யார் வருவார்கள்? சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் பணியாட்களும் வந்தனர். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சமையற்காரர், வண்ணார், கொத்தனார், தையற்காரர், காய்கறி வணிகர், துபாஷிகள், ஒப்பந்தக்காரர் வந்தனர். இப்போது உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டார கச்சேரி, ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் ஒப்பந்தத்தில் எழுந்தது. சிவாஜிநகர், அலசூர், பிரேசர் டவுன், மர்பி டவுன் தெருக்களில் நம் காதில் விழும் தமிழுக்குப் பெரும்பகுதி வித்து இந்தக் குடியேற்றமே. சென்னைச் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அலசூர் ஏரிக் கரையில்தான் இருக்கிறது. நகரமும் தண்டும் இரண்டு ஊர்களாகவே வாழ்ந்து, 1949இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. "நீங்கள் தமிழர்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று வகுப்பில் ஒரு கன்னட நண்பர் கேட்டால், "சீரங்கப்பட்டணத்துக் கொசு கடித்த ஆண்டில்" என்று நான் விடை சொல்வதுண்டு. அவரும் சிரிப்பார். அதற்கும் முன்பே தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் சிரிப்பு நின்று வழக்கு தொடங்கிவிடுகிறது! கல்வெட்டைக் காட்டி உரிமை கோருவதைவிட, ஏழை எளியவர் பிழைப்புத் தேடி வந்த வரலாற்றைச் சொல்வது எனக்கு மேலாகப் படுகிறது. பெரும்பாலான நகரங்கள் அப்படி வந்தவர்களால்தான் நகரங்கள் ஆயின.

காவிரி என்ற சொல்லை இந்நகரில் நாம் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லப் பழகிவிட்டோம். 1991 டிசம்பரில் நடந்தவற்றை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததைப் படங்களில் பார்த்திருக்கிறோம். கர்நாடகத்தில் மழை குறைந்த ஆண்டுகளில், "வெளியே தமிழில் பேசாதே" என்று வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அச்சத்தோடு மட்டுமே ஓர் ஆற்றை அறிந்திருப்பது போதுமா?

நம் விடுதிக் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் காவிரி நீர். கண்ணம்பாடி அணையைக் கடந்து, சீரங்கப்பட்டணத்தைச் சுற்றி, மேலும் கிழக்கே சென்ற நீரை எடுத்து, தொரெக்காடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரமும் ஐந்நூறு மீட்டர் உயரமும் மின்பொறிகளால் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974இல் தொடங்கிய அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தபோது, பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி.யைத் தனியே கூட்டித் தந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் விடுமுறையில் ஊருக்குச் சென்றால் மேட்டூர் எப்போது திறக்கும் என்று கவலைப்படுகிறான். திரும்பி வந்தால் அதே ஆற்றின் கர்நாடகப் பங்கில் குளிக்கிறான். இரண்டு பக்கத்துக் கணக்கும் அவன் உடம்பிலேயே இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கும் அமைச்சர்களுக்கும் இல்லாத இந்த நிலை நமக்கு வாய்த்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் கூட்டத்தோடு கூட்டமாகக் கோஷம் போடுவதும் தவறு. கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதும் தவறு. மண்டியா மாவட்டத்து உழவன் எந்த வாய்க்காலை நம்பிக் கரும்பு வைக்கிறான் என்பதை ஒருமுறையாவது கரையில் நின்று பார்க்க வேண்டும். அவனுடைய கவலை நம் ஊர்க் கவலையைப் போன்றதா, வேறா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

திப்புவைப் பற்றி ஒரு சொல். அவர் பெயரைச் சொன்னாலே இந்நாளில் இரண்டு கட்சி. 2015இல் மாநில அரசு அவருக்கு விழா எடுக்கத் தொடங்கியது. 2019இல் வேறோர் அரசு அதை நிறுத்தியது. கோட்டைக்குள் இருக்கும் ஜாமியா மசூதியைப் பற்றியும் சச்சரவு எழுந்திருக்கிறது. அங்கே செல்லும் நாம் எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துக் களத்திலேயே மடிந்த இந்திய மன்னர் அவர். அவர் விழுந்து கிடந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அவர் படையின் இரும்புக் குழாய் ஏவுகணைகளைக் கண்டே ஆங்கிலேயர் தம் ஏவுகணைகளைச் செய்யக் கற்றார்கள். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் அப்போர்க் காட்சியை ஓவியமாகக் கண்டு பெருமிதம் கொண்டதை நம் அப்துல் கலாம் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1791இல் மராட்டியப் படை கொள்ளையிட்ட சிருங்கேரி மடத்துக்குத் திப்பு பொருளுதவி செய்ததற்குக் கடிதங்கள் சான்று. அவர் அரண்மனை நின்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அரங்கர் கோயில் கெடாமல் நிற்கிறது.

இவை ஒரு பக்கம். மறுபக்கம், குடகிலும் மலையாளத்திலும் அவர் படை செய்த கொடுமைகளை அவ்வூர் மக்கள் மறக்கவில்லை. மேலுக்கோட்டையைச் சேர்ந்த மண்டயம் ஐயங்கார்கள் வீட்டில் இன்றும் ஒருவகைத் தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் பலர் நரக சதுர்த்தசியன்று திப்புவின் ஆணையால் கொல்லப்பட்டார்கள் என்பது அவர்களின் மரபு. அதனால் அவர்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை. தமிழ் பேசும் ஒரு குடும்பம் தீபாவளியன்று விளக்கேற்றாமல் இருக்கும் காரணத்தை அறியாமல், "மைசூர்ப் புலி" என்று முழங்குவது எளிது. சிருங்கேரிக் கடிதங்களை அறியாமல் "கொடுங்கோலன்" என்பதும் அவ்வளவே எளிது. பல்கலைக் கழகத்தில் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு எளிமையும் அழகல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு அரசர்களில் பகைவரின் ஊரைக் கொளுத்தாதவர் மிகச் சிலர். திப்பு அவர்களில் ஒருவரல்லர் என்பதே என் துணிபு. அதனால் அவருடைய வீரம் பொய்யாகிவிடவும் இல்லை.

மேலை நாட்டார் தம் சிற்றூர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை ஆங்கில இலக்கிய வகுப்பில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. ஏவான் ஆற்றங்கரையில் ஸ்ட்ராட்போர்டு என்னும் ஊரில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு 1847இல் ஏலத்துக்கு வந்தபோது மக்கள் நிதி திரட்டி வாங்கிக் காத்தார்கள். அதைப் போற்றுவோம். ஆனால் அதே ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்தையும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1868இல் வெளிவந்த வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' நாவல் இவ்வூர்க் கொள்ளையோடுதான் தொடங்குகிறது. திப்புவின் மரப்புலி இலண்டன் காட்சிசாலையில் இருக்கிறது. அந்த நாவலைப் பாடமாகப் படிக்கும் நம் மாணவருக்கு, அந்த ஊர் தம் விடுதியிலிருந்து 125 கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரியுமோ என்னவோ!

ஊரின் இன்றைய நிலையைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. தரியா தௌலத்தும், ஐதரும் திப்புவும் துயிலும் கும்பஸும் செவ்வனே காக்கப்படுகின்றன. ஆனால் கோட்டை மதில்களில் பல இடங்களில் அரசும் ஆலும் வேரூன்றிக் கல்லைப் பிளக்கின்றன. சங்கமத்தில் நீத்தார் கடன் முடித்தவர்கள் விட்டுச் செல்லும் துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடக்கின்றன. அக்கறை இருந்தால் முடியும் என்பதற்கும் இவ்வூரிலேயே சான்று உண்டு. இரட்டை இரயில் பாதைக்கு இடையூறாக இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை இடிக்காமல், 2017இல் அப்படியே பெயர்த்து நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள்.

அரங்கன்திட்டுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுப்பினார். அதனால் நீர் தேங்கி, மேடுகள் சிறு தீவுகளாயின. பாசனத்துக்காகக் கட்டியது பறவைகளுக்கு வீடாயிற்று. பறவையியல் அறிஞர் சலீம் அலி எடுத்துச் சொல்லியதன் பேரில் 1940இல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் மரங்களின் கீழே பாறைமீது முதலைகள் வெயில் காயும். படகுக்காரர் கன்னடத்தில் சொல்லும் பறவைப் பெயர்களை நம் வேடந்தாங்கல் பெயர்களோடு ஒப்பிட்டு எழுதிவர விலங்கியல் மாணவர் ஒருவர் முன்வந்தால் நம் இதழின் அடுத்த மலருக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும்.

என் திட்டம் இதுதான். சனிக்கிழமை காலை மைசூர் வண்டியில் ஏறினால் தீவிலேயே உள்ள நிலையத்தில் இறங்கலாம். பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாது. அன்று கோட்டையும் கோயிலும் மேற்குச் சுவரும். வெயில் தாழ்ந்ததும், 1804இல் திவான் பூர்ணையா கற்றூண்களை நிறுத்திக் கட்டி, வெல்லெஸ்லியின் பெயர் சூட்டிய பழைய பாலம். மறுநாள் விடியலில் கரிகட்டா மலை ஏறினால் ஆறு பிரிந்து தீவைச் சுற்றுவது தெரியும். பிறகு தரியா தௌலத், கும்பஸ், சங்கமம், அரங்கன்திட்டு. கன்னடச் சங்கத்து நண்பர்கள் பத்துப் பேரையாவது உடன் அழைக்க வேண்டும். கல்வெட்டில் அவர்கள் மொழியை அவர்கள் படிக்கட்டும். புள்ளலூர் ஓவியத்தின் முன் நாம் நின்று சொல்வோம். 2009 ஆகஸ்டில் அலசூரில் வள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் நான்கு நாள் இடைவெளியில் திறக்கப்பட்டன. அந்த நல்லுறவை நாமும் ஓர் இரயில் பெட்டியளவில் செய்து பார்க்கலாம்.

மே மாதம் தேர்வுகள் இருப்பதால் ஆறு வற்றிய கோலத்தைக் காண முடியாது. ஆடிப் பெருக்கை ஒட்டிய சனிக்கிழமை ஒன்றைச் செயற்குழு குறித்தால் நன்று. அப்போது அரங்கன்திட்டில் வெள்ளத்தினால் படகை நிறுத்தியிருக்கக்கூடும், போகட்டும். 1791இல் காரன்வாலிஸ் ஏன் திரும்பிப் போனார் என்பது நன்றாகத் தெரியும். பெயர் கொடுக்க விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் கொடுக்கலாம். குடையும் தடித்த செருப்பும் கட்டாயம் கொண்டுவர வேண்டும், பாறை வழுக்கும்.